உப்பு பார்க்கிறவர்

எங்கள் தெருவில் ஒரு பாஸ்கா ஞாயிறன்று, அதாவது ஈஸ்டரன்று, ஒரு குடும்பமே கடல் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, ரொட்டியைத் தொட்டுச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டது. பெயருக்கு அது ஆட்டுக்கறி. ஆனால் அந்தச் சாற்றில் முட்டையைப் போட்டால் மிதந்திருக்கும். முழு ஆட்டையே போட்டிருந்தாலும் கால் நனையாமல் நின்றிருக்கும். அதைவிடப் பெரிய அதிசயம், பிறந்தது முதல் எந்தச் சாப்பாட்டையும் நன்றாக இருக்கிறதென்று சொல்லாத ஒரு மனிதர் காலித் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று கேட்டதுதான். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். சாப்பிட்டு எழுந்தபின் எங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீரில் பாதியைக் குடித்தேன். மீதிப் பாதியைக் குடிக்க வேண்டாமென்று என் மனைவி மூடியைப் போட்டுவிட்டாள்.

டீக்கடையில் இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் சிரிக்க மாட்டார். "அப்படியா?" என்பார். தட்டை நீட்டியதே அவர்தான்.

அவருக்கு ஊரே வைத்த பேர் 'அப்படியா'. வீடுவீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. முள் காட்டினால்தான் நம்புவார். மழை பெய்கிறது என்று சொன்னால்கூடக் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியா, எதிர்த்த வீட்டுல யாராவது செடிக்கு ஊத்துறாங்களோ என்னவோ" என்பார். தன் கல்யாணப் பந்தியிலேயே மாலையோடு எழுந்துபோய், இறைச்சி வேகவில்லை என்று சமையற்காரரிடம் சண்டை போட்டவர். எந்த வீட்டிலும் ஒரு தடவை போட்டதற்கு மேல் வாங்க மாட்டார். மறுபடி கேட்டால் அது பாராட்டு ஆகிவிடுமாம்.

அவருடைய அக்காதான் எங்கள் பக்கத்து வீட்டு டெய்லரக்கா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் வெங்காயம் உரித்தால் இந்தப் பக்கம் எனக்குக் கண் எரியும். அக்காவின் கணவர் பஸ் பணிமனையில் இன்ஜின் மெக்கானிக். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டு நோய் சொல்லுகிறவர். தெருமுனையில் பஸ் திரும்பும்போதே எந்தப் பல்சக்கரத்தில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, ஓட்டுநர் காலையில் வீட்டில் சண்டை போட்டாரா இல்லையா என்பது வரை சொல்லிவிடுவார். இதில் இரண்டாவது பாதியை நான் கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கலாம். முதல் பாதி சத்தியம்.

பண்டிகை நெருங்கினால் டெய்லரக்கா வீட்டில் உட்கார இடம் இருக்காது. ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் புதுத்துணி தைக்க வேண்டும். பாஸ்காவுக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை மதியம் வரை மெஷின் ஓடும். கடைசிப் பாவாடைக்குக் கடைசிக் கொக்கி தைத்து அனுப்பியதும், மெஷின் தலையை உள்ளே மடக்கிப் பலகையை மூடி, அதே பலகைமேல் வெங்காயம் அரிய உட்கார்ந்துவிடுவார். அந்த வீட்டுக் கறியில் எப்போதாவது ஒரு துண்டு நூல் வரும். நீல நூல் கிடைத்தவனுக்கு நல்ல காலம் என்று மெக்கானிக் சொல்லுவார்.

ஆனால் அக்கா சமைத்ததை ருசி பார்க்க மாட்டார். அதுதான் அந்த வீட்டின் விசேஷம். பெரிய பண்டிகைக்கெல்லாம் சமையல் முந்தின நாளில்தான் நடக்கும். முந்தின நாள் ஒருசந்தி. ஒரே வேளைதான் சாப்பாடு, கறியும் கிடையாது. மற்றவர்கள் ஒருசந்தியில் டீ குடிப்பார்கள், பிஸ்கட் கடிப்பார்கள். அக்கா எச்சிலையே யோசித்துத்தான் விழுங்குவார். கல்யாணமான புதிதில் இருந்த பழைய பங்குச் சாமியார் மெக்கானிக்கைப் பார்த்து, "இரும்போட மல்லுக்கட்டுறவனுக்கு ஒருசந்தி கட்டாயமில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாக்கை மெக்கானிக் பதக்கம் மாதிரி ஆயுள் முழுக்க அணிந்துகொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பண்டிகைச் சமையலுக்கு உப்பு பார்க்கிறவர் அவர்தான்.

பணிமனையிலிருந்து வந்ததும் மரத்தூளும் சோப்புத்தூளும் போட்டுக் கைகளைத் தேய்த்துக் கழுவி, அடுப்படி நிலையில் வந்து நிற்பார். அக்கா கரண்டியால் நாலு சொட்டு உள்ளங்கையில் விடுவார். நக்கிவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக் காதைச் சாய்ப்பார். நாக்கில் வைத்ததையும் காதால்தான் கேட்பார் போல.

"ஒரு கல் கம்மி."

"ஒரு கல்லா? ஒரு கையா? தெளிவாச் சொல்லுங்க."

"ஒரு கல்லுன்னா ஒரு கல்லுதான். எடுத்துப் போடு. வேணும்னா எண்ணிப் போடு."

அக்கா ஒரே ஒரு கல்லை எடுத்து, அவர் பார்க்கப் போடுவார். மறுநாள் சாப்பிட்டால், அந்த ஒரு கல் இல்லாவிட்டால் இந்தச் சாறு என்ன ஆகியிருக்குமோ என்று நமக்கே தோன்றும்.

அந்த மனிதருக்குத்தான் தொண்டையில் புற்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள். கரண்ட் வைத்ததில் கட்டி கொஞ்சம் வாடியது. நாக்கு முழுசாகச் செத்தது. விழுங்கினால் சாப்பாடு நெஞ்சுக்குள் தப்பிப் போகும் என்று மூக்கு வழியாகக் குழாய் போட்டு அனுப்பினார்கள். பாலும், பருப்பை வேகவைத்து மெல்லிய துணியில் வடித்த தண்ணீரும் அதில் போகும். குரல் டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஆகிவிட்டது. அந்தக் குரலிலும், "ஃபில்டர் போயிடுச்சுண்ணே, நேரா டாங்க்ல ஊத்துறா" என்று என்னிடம் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கும் வரை அக்கா எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

தவக்காலம் தொடங்கி கொஞ்ச நாளில், காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது. சுவரில் காதை வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தச் சுவருக்குக் காது வைக்கத் தேவையே இல்லை.

"போதும். இனிமே ஊத்தாதே."

"என்ன போதும்? அரை டம்ளர்தான் போயிருக்கு."

"இன்னிக்குப் போதும்னு சொல்லல. மொத்தமாப் போதும்."

அப்புறம் அக்கா மெஷினை மிதித்தார். தைக்க எதுவும் இல்லாமல் சும்மா மிதிக்கிற சத்தம் எனக்குத் தெரியும். ஊசி காலியாக ஓடும்.

"பாஸ்காவுக்கு உப்பு யாரு பாக்கறது?"

"நாக்கு செத்துப் போச்சு. விபூதிப் புதன் சாம்பலை நாக்குல தடவுனாலும் தெரியாது."

"கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அவரு எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றாரு."

"நான் கல்யாணம் ஆனதுலேர்ந்து பண்டிகைப் பானைக்கு உப்பு பாத்ததில்ல. இப்போ நான் யார்கிட்ட போயி நிக்கறது? உங்க மச்சான்கிட்டயா? அவன் பாயசத்துலயே உப்பு இல்லேன்னு சொல்லுவான்."

அதற்கு அவர் சிரித்திருக்க வேண்டும். இருமல் வந்தது. இருமி முடித்தபின் சொன்னார்.

"சரி, ஒரு பேச்சு. பெரிய சனிக்கிழமை வரைக்கும் ஊத்து. அன்னிக்கு நான் உப்பு பாக்கறேன். சரியாச் சொல்லிட்டேன்னா மேல ஊத்து, எவ்வளவு வேணா ஊத்து. தப்பாச் சொன்னேன்னா நான் வண்டியிலேர்ந்து இறங்கிடறேன். அழக் கூடாது, சாமியாரைக் கூட்டிட்டு வரக் கூடாது, உன் தம்பியைக் கூட்டிட்டு வரவே கூடாது."

"சரி" என்றார் அக்கா. அவ்வளவு லேசாகச் சொன்னார். அன்று மாலையே வேலியோரம் வந்து என்னிடமும், மீட்டர் பார்த்துவிட்டு வந்த தம்பியிடமும் எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை. பேச்சு பேச்சுதான்.

"நாக்கு வந்துடும் அண்ணே, வந்துடும்ல?" என்று என்னைக் கேட்டார்.

நான் கப்பல் அளவுக்குப் புளுகுகிறவன். அன்று எனக்கு ஒரு தோணி அளவுகூட வரவில்லை.

பெரிய சனி வந்தது. மேகம் இறங்கி, தெருவெல்லாம் ஈரத்துணி மாதிரி புழுக்கம். அக்காவின் மகள் கைக்குழந்தையோடு முந்தின நாளே வந்திருந்தாள். பால் கொடுக்கிறவள், அவளுக்கு ஒருசந்தி இல்லை. அவளே பானைக்கு எண்ணெய் விட்டு, வெங்காயத்தை வதக்கி, கறியையும் மிளகையும் போட்டுக் கிண்டினாள். அக்கா தன் கை அளவுக்கு உப்பைப் போட்டு மூடினார். நானும் அப்படியாவும் அடுப்படி வாசல் பக்கம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினோம். அவர் சீவினால் கிழங்கு இருக்காது, தோல்தான் இருக்கும்.

மெக்கானிக் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கைகளை மரத்தூள் போட்டுக் கழுவியிருந்தார். பணிமனைக்குப் போய் மாதங்களாகின்றன, கையில் ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது. ஆனாலும் மரத்தூள் வாசனை வந்தது. குழாயைச் சுருட்டிக் காதுக்குப் பின்னால் செருகியிருந்தார், தச்சர்கள் பென்சில் செருகுவது போல.

அக்கா நாலு சொட்டு விட்டார். அவர் நாக்கில் வைத்து, கண்ணை மூடி, காதைச் சாய்த்தார். பிறகு கிண்ணத்தில் துப்பினார்.

"பத்தல."

அக்கா ஒரு கல்லை எடுத்தார்.

"ஒரு கல்லுல்லாம் காணாது. கையில அள்ளு."

அள்ளிப் போட்டார். கிண்டினார். மறுபடி நாலு சொட்டு.

"இன்னும்."

மறுபடி ஒரு கை. மகள் அப்பாவுக்குப் பின்பக்கமாக எங்களிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, அம்மா முதல்ல போட்டதே கரெக்டா இருந்துச்சு. நான் நக்கிப் பாத்தேன்."

"அப்படியா?" என்றார் அவர். அந்த ஒரு தடவைதான் அந்தச் சொல்லைச் சந்தேகம் கலக்காமல் கேட்டேன்.

உள்ளே, "இன்னும் ஒரு கை" என்று காற்றிறங்கும் குரல்.

அப்படியா கத்தியைக் கீழே வைத்தார். "சார், இது அநியாயம். நான் போயி சொல்லிடறேன். அத்தான், உங்களுக்கு நாக்கு வரல, ஆனா ஊத்திக்குங்க, எங்களுக்காக ஊத்திக்குங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

"தப்பாச் சொன்னா இறங்கிடறேன்னு சொல்லியிருக்காரே" என்றேன்.

"அதுக்காக? ஒரு பானை உப்புத் தண்ணியை வெச்சு ஒரு மனுஷனை எத்தனை நாளைக்கு ஏமாத்துவீங்க?"

அக்கா வெளியே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார். கையெல்லாம் உப்பு. "எவனாவது வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான்."

"அக்கா, நீ ஒரு சொட்டு வெச்சுப் பாரு. விழுங்க வேணாம், துப்பிடு. ஒருசந்தி முறியாது."

"எனக்கு வேணாம்."

"நாளைக்குத் தெரியத்தானே போகுது?"

"நாளைக்குத் தெரியட்டும்டா. இன்னிக்கு எனக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் நான் அவருகிட்ட பொய் சொல்லல."

மகள், "தண்ணியாவது ஊத்தலாம்மா, கிழங்கையாவது நிறையப் போடலாம்" என்று கிசுகிசுத்தாள். கதவிடுக்கில் பார்த்தோம். மெக்கானிக் பானைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முழங்கால் மேல் கை, பானை பக்கம் காது. அந்தக் காதுக்குத் தெரியாமல் ஒரு டம்ளர் தண்ணீர் அந்தப் பானைக்குள் போயிருக்க முடியாது. ராத்திரிப் பூசைக்குப் புறப்படும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது அவரே மூடியைப் போட்டார்.

"சரியா இருக்கு" என்றார்.

மறுநாள் மதியம். தையல் பலகையையும் எங்கள் வீட்டு மேஜையையும் ஒட்டிப் போட்டு, வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். தலைமாட்டில் மெக்கானிக், அவர் முன்னால் காலித் தட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும். எல்லாருக்கும் வைத்து அவருக்கு வைக்காமல் விட அக்காவுக்கு மனம் வராது. செபம் சொன்னோம். அக்கா ஊற்றினார். எல்லாரும் முதல் வாய் வைத்தோம்.

எனக்குக் காது அடைத்தது. கண்ணில் நீர் வந்தது. கண்ணீரை நக்கிப் பார்த்தேன், சாற்றோடு ஒப்பிட்டால் அது சர்க்கரைத் தண்ணீர். மகள் குழந்தையின் பக்கம் குனிந்துகொண்டாள். அக்கா, அந்தப் பானையை அப்போதுதான் முதன்முதலாக ருசித்தவர், ரொட்டியை மெல்ல மெல்ல மென்றார். முகத்தில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

"எப்படி?" என்றார் மெக்கானிக்.

"நல்லா இருக்குப்பா" என்றாள் மகள்.

"அண்ணே?"

"பிரமாதம். மோட்சத்துல இன்னிக்கு இதைத்தான் பரிமாறுவாங்க" என்றேன். புளுகுவது என் தொழில், ஆனால் அன்று உதடு ஒத்துழைக்கவில்லை, எரிந்தது.

எல்லாரும் அப்படியாவைப் பார்த்தோம். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார். ஒரு துளி விடாமல் ரொட்டியால் தட்டைத் துடைத்தார். பிறகு தட்டை நீட்டினார்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் ஊத்து."

அக்கா ஊற்றிவிட்டுத் திரும்பினார். அவர் அதையும் சாப்பிட்டார். மெக்கானிக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிரிப்பு வந்தது அவர் முகத்தில். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். நானும் இன்னொரு துண்டு ரொட்டி எடுத்தேன் என்றால் பாருங்கள்.

அன்று மாலை குழாயில் ஊற்றியதை அவர் தடுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் சுவருக்கு அந்தப் பக்கம், "போதும், ஊத்தாதே" என்று கேட்டது.

"உப்பு சரியாச் சொன்னீங்களே! பேச்சு என்ன பேசினோம்? எல்லாரும் எப்படிச் சாப்பிட்டாங்க, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

"எல்லாரும் நல்லாச் சாப்பிட்டாங்க. அது போதும்."

சாமியார் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்தார். குழாய் காதுக்குப் பின்னாலேயே கிடந்தது. பாஸ்காவுக்கு ஐம்பது நாள் கழித்து வரும் பெந்தெகோஸ்துப் பண்டிகைக்கு முன்னால் அவரை அடக்கம் செய்தோம். பணிமனைக்காரர்கள் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். கல்லறைவரைக்கும் வந்த பஸ் ஒன்று வழியில் இருமிக்கொண்டே வந்தது. என்ன கோளாறு என்று சொல்ல ஆளில்லை.

அதன் பிறகு எத்தனையோ தடவை டீக்கடையில் இந்தக் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அப்படியா டம்ளரை வைத்துவிட்டு எழுந்துகொள்வார்.

"ரெண்டாவது தடவை நான் கேட்டேனா? அப்படியா? எனக்குத் தெரியாதே. உப்பு சரியாத்தான் இருந்துச்சு. சார் சும்மா அளக்கறாரு."

"என் நாக்கு இன்னும் முழுசா வரலையேய்யா!"

"உங்க நாக்கு என்னிக்குய்யா முழுசா உண்மை பேசிச்சு?"

கடை சிரிக்கும். அவர் போய்விடுவார்.

அக்காவின் பண்டிகைச் சமையல் நிற்கவில்லை. உப்புதான் நின்றுவிட்டது. ஒருசந்தியில் ருசி பார்க்க மாட்டார், கைக்கும் தைரியம் போய்விட்டது. மறுநாள் எங்கள் வீட்டுக்கு வரும் பாத்திரத்தில் கறி வெந்நீரில் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். நாங்கள் மேஜையில் உப்பு வைத்துக்கொண்டு, நன்றாக இருந்தது என்று பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்போம்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். மகள் வெளியூருக்கு மாறிப் போய்விட்டாள், வரவில்லை. மதிய வெயில் சன்னமாக அடுப்படிக்குள் விழுந்திருந்தது. நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மீட்டர் பார்க்கிற பையோடு அப்படியா வந்து நிலையில் சாய்ந்து நின்றார். அக்கா கரண்டியில் சாறு எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

"நீ பாருடா. இந்தத் தடவை நீ சொல்லு."

"எனக்கு வேணாம்க்கா. எனக்கும் ஒருசந்தி."

"உனக்கு என்னிக்குடா ஒருசந்தி? காலையில கடையில பஜ்ஜி தின்னதை அண்ணன் சொன்னாரு."

"சார் அளப்பாரு."

அக்கா கரண்டியை இறக்கவில்லை. சாறு சொட்டுச் சொட்டாக அடுப்பில் விழுந்து சீறியது.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலடா. எனக்குத் தினம் இதே நெனப்பு. அவரு ஏன் இறங்கினாரு? நாம எல்லாரும் நல்லாத்தானே சாப்பிட்டோம்? நான் முகம் சுளிச்சேனா? பாப்பா சுளிச்சாளா? அண்ணன்கூடப் பிரமாதம்னுதானே சொன்னாரு? யாருகிட்டேர்ந்து தெரிஞ்சுது அவருக்கு?"

அப்படியா தோளிலிருந்து பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"சார் கடையில சொல்றதெல்லாம் நெசம்தாங்க்கா" என்றார். "வாய் வெந்துபோற உப்பு. நான்தான் ரெண்டாவது தடவை கேட்டேன். என்னிக்கும் கேக்காதவன் கேட்டேன்ல... நீ ஊத்திட்டு அந்தப் பக்கம் திரும்புனே. அத்தான் தன் முன்னால வெச்சிருந்த தண்ணியை எடுத்து, என் தட்டுப் பக்கமா நகத்தி வெச்சாரு."